நிலக்கரிப் படகில் ஒரு வார விடுமுறை
இங்கிலாந்துக் கால்வாய்கள்: அன்றும் இன்றும்

இங்கிலாந்தில் பழைய கால்வாய்ப் பாலம் ஒன்றின் அடியில் படகு நுழையும்போது, கரையோரச் சுவரின் முனையைக் கவனித்துப் பாருங்கள். செங்கல் தேயாமலிருக்க அங்கே ஒரு வார்ப்பிரும்புப் பட்டை பதித்திருப்பார்கள். அந்த இரும்பிலேயே விரல் நுழையும் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம். இங்கே ஊர்ந்தது கயிறு. கரையில் நடந்த குதிரைக்கும் நீரில் வந்த படகுக்கும் நடுவே விறைத்து நின்ற ஈரக் கயிறு, மண்ணையும் மணலையும் சேர்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அந்த இரும்பை அறுத்திருக்கிறது.

இன்று அதே பாலத்தின் கீழே, அதே அகலமுள்ள படகில், குடும்பங்கள் விடுமுறைக்குப் போகின்றன. அன்று படகோட்டிக்கு வயிற்றுப்பாடாக இருந்த பயணம், இன்று ஆறு மாதம் முன்பே உட்கார்ந்து திட்டமிடும் சுற்றுலா. நடுவில் அந்தக் கால்வாய்கள் செத்துப்போகும் நிலைக்கு வந்தன. அவற்றைப் பிழைக்க வைத்தவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு போனால், அந்த விடுமுறையின் சுவையே வேறு.

ஒரு குதிரை, இருபத்தைந்து டன்

பிரிட்ஜ்வாட்டர் பிரபு தன் வர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டினார். 1761-ல் அதில் படகு ஓடத் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாகக் குறைந்தது. காரணம் எளிது. சேறும் குழியுமான சாலையில் ஒரு குதிரை ஒரு டன் சுமையை இழுப்பதே பெரும்பாடு. நீரிலோ அதே குதிரை 25 டன் ஏற்றிய படகை நடந்த நடையில் இழுத்துவிடும். 1790-களில் கால்வாய்ப் பங்குகளில் பணம் போட நாடே முண்டியடித்தது.

மேடு பள்ளமான நாட்டில் நீரை ஏற்றி இறக்க 'லாக்' வேண்டும். இரு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி அது. நடு இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் அந்தத் தொட்டியை ஏறக்குறைய 7 அடி அகலம், 72 அடி நீளம் என்று ஒடுக்கமாகக் கட்டினார். செலவும் குறைவு, தண்ணீரும் மிச்சம். அதற்கேற்பப் படகுகளும் ஒடுங்கின. 'நேரோபோட்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அன்று அவர் வைத்த அந்த 7 அடிதான் இன்று விடுமுறைப் படகின் கட்டில் அகலத்தையும் முடிவு செய்கிறது.

அன்றைய படகின் பின்பகுதியில், அமரத்தை ஒட்டி, 10 அடி நீளத்துக்கும் 7 அடிக்குக் குறைந்த அகலத்துக்கும் ஓர் அறை. மற்ற இடமெல்லாம் சரக்குக்கு. ரயில் போட்டிக்கு வந்து கூலி குறைந்ததும், கரையில் வீட்டு வாடகையும் படகில் ஆள் கூலியும் கொடுக்கக் கட்டுப்படியாகாமல், பல படகோட்டிகள் மனைவி மக்களையும் அந்த அறைக்குள் கூட்டிவந்தார்கள். ஒரு சின்ன அடுப்பு. கதவைக் கீழே மடக்கினால் மேசையாகும் அலமாரி. பகலில் சுருங்கி இரவில் குறுக்கே விரியும் கட்டில். அத்தனை நெருக்கடியிலும் கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் வண்ணத்தில் தீட்டி, பித்தளையைப் பளபளவென்று துலக்கி வைத்திருந்தார்கள். குடித்தனத்தின் மானம் அதில் இருந்தது.

அவர்களுக்கும் பயணத் திட்டம் உண்டு. கூலி, ஏற்றிய டன்னுக்கும் போய்ச் சேர்ந்த நடைக்கும்தான். காத்திருந்த நாளுக்குக் காசு கிடையாது. அதனால் விடியுமுன்னே கிளம்பி இருட்டும்வரை ஓடினார்கள். ஒருவர் முன்னே ஓடி அடுத்த லாக்கைத் தயார் செய்ய வேண்டும். சுக்கானை மனைவி பிடிப்பாள். சில மலைக் குகைகளில் குதிரைப் பாதை இருக்காது. குதிரையை மலைமேல் நடத்திப் போய்விட்டு, ஆட்கள் பலகையில் மல்லாந்து படுத்து, குகைச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்கள். பென்னைன் மலையைத் துளைத்த ஸ்டான்டெட்ஜ் குகை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம். அத்தனை தூரமும் கால்தான் துடுப்பு. படகிலேயே பிறந்து படகிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத தூரம். அவர்கள் நிலையைப் பார்த்துப் பொறுக்காமல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் நடத்திய போராட்டத்தால்தான் 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது.

சாவின் விளிம்பில்

வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும். ரயில் பாதி வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. மீதியை லாரி எடுத்தது. 1948-ல் கால்வாய்கள் அரசுடைமை ஆயின. 1962-63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நீர் உறைந்து கிடந்தது. படகுகள் நகரவில்லை. பனி உருகியபோது வாடிக்கையாளர்கள் பலர் லாரிக்கு மாறியிருந்தார்கள். நேரோபோட்டுகளின் கடைசி நெடுந்தூர ஒப்பந்தம், லண்டன் சவுத்தாலில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோனது. 1970-ல் அதுவும் நின்றது.

அதற்கு முன்பே ஒரு மனிதர் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தார். எல்.டி.சி. ரோல்ட் ஒரு பொறியாளர். 1939-ல் 'கிரெஸ்ஸி' என்ற பழைய படகை வீடாக்கிக்கொண்டு மனைவி ஏஞ்சலாவோடு கால்வாய்களில் பயணம் போனார். அந்தப் பயணத்தை அவர் எழுதிய 'நேரோ போட்' நூல், போர்க்காலமான 1944-ல் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் என்ற எழுத்தாளர் அவருக்குக் கடிதம் போட்டார். 1946-ல் இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மூடப்போகும் கால்வாயில் படகை ஓட்டிக் காட்டுவதே போராட்டம். படகு ஓடும்வரை, இது சாக்கடை என்று யாரும் சொல்ல முடியாது.

அதன்பின் வந்தவர்கள் மண்வெட்டி எடுத்தார்கள். ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள் எல்லாரும் சனி ஞாயிறுகளில் சேற்றில் இறங்கி, லாக்குகளில் கொட்டியிருந்த குப்பையை அள்ளினார்கள். 1968-ல் போக்குவரத்துச் சட்டம், உல்லாசப் படகுக்கென்றே பல கால்வாய்களை ஒதுக்கியது. டிவைஸஸ் ஊரில் 29 லாக்குகள் ஏணிபோல ஏறும் கென்னட்-ஏவன் கால்வாய் 1990-ல் மறுபடி திறந்தது. ஸ்டான்டெட்ஜ் குகை வழியாகப் போகும் ஹடர்ஸ்ஃபீல்டு கால்வாய் 2001-ல் உயிர்பெற்றது. இன்று சுமார் 2,000 மைல் நீர்வழியை 2012 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. தொழிற்புரட்சியின் உச்சத்தில் இருந்ததைவிட இன்று அங்கே படகுகள் அதிகம்.

இன்று திட்டமிடுவது எப்படி?

வடகிழக்கு வேல்ஸில் முடியும் லங்கோலென் கால்வாயை எடுத்துக்கொள்வோம். முதல் முறை போகிறவர்கள் அதிகம் விரும்பும் வழி இது. 1944-ல் சட்டப்படி கைவிடப்பட்ட கால்வாய்தான். டீ ஆற்று நீரைக் குடிநீருக்காகக் கொண்டுபோகத் தேவைப்பட்டதால் தூர்ந்துபோகாமல் தப்பியது.

முதலில் கணக்கு. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். உண்மையில் கிடைப்பது மணிக்கு 3 மைல்தான். ஒரு லாக்கைக் கடக்கும் நேரத்தை ஒரு மைல் தூரமாக வைத்துக்கொள்வது வழக்கம். கால்வாய் தொடங்கும் ஹர்ல்ஸ்டனிலிருந்து லங்கோலெனுக்குச் சுமார் 44 மைல், 21 லாக்குகள். ஆக 65. மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 22 மணி நேரம். போய்வர 44. நாளைக்கு ஆறேழு மணி நேரம் ஓட்டினால் சரியாக ஒரு வாரம். காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற தூரம் இது. இந்த மெதுவான வேகம்தான் அன்று சரக்குப் படகைக் கொன்றது. இன்று அதற்காகத்தான் காசு கொடுத்துப் போகிறோம்.

அடுத்து கவனிக்க வேண்டியவை. நீளமான படகைக் கால்வாயில் நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. அதற்கென்று கரையை அகலப்படுத்திய இடங்கள் வரைபடத்தில் குறித்திருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் எங்கே திரும்புவது என்று முடிவு செய்ய வேண்டும். லங்கோலெனில் நீரோட்டம் உண்டு. போகும்போது எதிர்நீர், வரும்போது கூடவரும் நீர். அதனால் போகிற நாட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் லாக் கதவுகளை மாற்றுவதற்காகப் பாதைகளை மூடுவார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போவது நல்லது. விடுமுறைக்கு வாடகைப் படகு ஓட்ட உரிமம் தேவையில்லை. கிளம்புமுன் படகுத்துறையில் சொல்லிக்கொடுப்பார்கள். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியை ஒவ்வொரு நாளும் நிரப்புங்கள்.

லாக்கில்தான் அந்தக் காலம் உங்கள் கைக்கு வரும். மேலே ஏறுவதாக வைத்துக்கொள்வோம். படகு காலித் தொட்டிக்குள் நுழைகிறது. இரு பக்கமும் பாசி படிந்த ஈரச் சுவர். பின்கதவைச் சாத்துகிறீர்கள். எல் வடிவ இரும்புக் கைப்பிடியை மடையின் பற்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் கடகடவென்று சத்தம். மேல்நீர் குமுறிக்கொண்டு உள்ளே பாய்கிறது. படகு மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு எழும்புகிறது. இரு பக்க நீரும் மட்டமாகும்வரை எந்தப் பலசாலி தள்ளினாலும் கதவு அசையாது. மட்டமான அந்த நொடியில், நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்தால் போதும், வழி விடுகிறது. இருநூறு ஆண்டுகளாக இதில் எதுவும் மாறவில்லை. கீழே இறங்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. பின்கதவின் அடியில் ஒரு கல்படி துருத்தி நிற்கும். நீர் வடியும்போது அமரம் அதில் மாட்டினால் படகு தலைகுப்புறக் கவிழும். படகின் பின்முனை, சுவரில் தீட்டிய வெள்ளைக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு மிதவை அங்கி கட்டாயம்.

வழியின் உச்சம், தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் 1805-ல் முடித்த பொன்ட்கசுல்தெ தொட்டிப்பாலம். குமரி மாவட்டத்தின் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். இங்கே அந்தத் தொட்டிக்குள் நாமே படகில் போகிறோம். டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு இரும்புத் தொட்டி. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும். மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும், அதற்கப்பால் வெறும் காற்று. 2009-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நிலக்கரியும் இரும்பும் ஏற்றிய படகுகளை இழுத்த குதிரைகள் நடந்த பாதை அது. அங்கே போகும்போது பேச்சு தானாக நின்றுவிடும்.

நம் கரையில்

அங்கே கால்வாய்களைக் காப்பாற்றும் வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. லாக்கை ஒருமுறை கடக்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே இறங்குகிறது. மழை பொய்த்த கோடையில் லாக்குகளைப் பூட்டிவிடுகிறார்கள். 2027-லிருந்து அரசு மானியமும் மதிப்பில் குறையப்போகிறது. இன்றும் பல லாக்குகளில் நீலச்சட்டைத் தொண்டர்கள் சம்பளமில்லாமல் நின்று மடை திறக்க உதவுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் நன்றி சொல்லுங்கள்.

இதை எழுதும்போது மனம் சென்னையின் பக்கிங்காம் கால்வாய்க்கே போகிறது. 1877-78 பஞ்ச காலத்தில் கூழுக்காக மண் வெட்டிய மக்கள், அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். விறகும் உப்பும் அதில் படகேறிச் சென்னைக்கு வந்தன. 1930-களில் பாரதிதாசன் நண்பர்களோடு அதில் படகேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' அந்தப் பயணத்தில் பிறந்த கவிதை. கரையோரத்தில் லாக் நகர் என்ற பெயர் மிச்சமிருக்கிறது. கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தண்ணீரில் சாக்கடை ஓடுகிறது.

இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் நகரத்துக் கால்வாய்கள் குப்பைக் குழிகளாகத்தான் கிடந்தன. யாரோ சிலர் அதில் படகு விட வேண்டும் என்று பிடிவாதமாக ஆசைப்பட்டார்கள். அங்கே விடுமுறைக்குப் போகும் தமிழர்கள், திரும்பி வந்ததும் ஒருநாள் நம் கால்வாய்க் கரையில் போய் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இதிலும் ஒருகாலத்தில் படகு போனது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.