குடியை விட்டவர் திரும்பி வரும் வீடு

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 1937இல் சேலம் மாவட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக ஒரு மாவட்டம் முழுக்கக் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடப்பட்டது இங்கேதான். மூடியவர் அன்றைய மாகாணப் பிரதமர் ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். திருச்செங்கோடு ஆசிரமத்தில் இருந்தபோதே, மதுவிலக்குக்கென்று ‘விமோசனம்’ என்ற பத்திரிகையைக் கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடத்தியவர்.

கடை இருந்தால் கூலி கடைக்குப் போகும், இல்லாவிட்டால் வீட்டுக்கு வரும் என்று அன்று கணக்குப் போட்டார்கள். அதில் பொய்யில்லை. வாரக்கூலியை மடியில் முடிந்துகொண்டு வருகிறவரை வழியில் மறிக்க ஒன்றும் இல்லையென்றால், அந்தக் காசு கேழ்வரகாகவும் உப்பாகவும் வீடு சேரும். கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடிகாரர் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த வரியை இனி எல்லோரும் பகிர்ந்து கட்டட்டும் என்ற அந்தத் துணிச்சலை இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் பல வருடம் தினமும் குடித்த உடம்பு ஒருநாள் திடீரென்று குடியில்லாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணில் தெரிகிற உளறல் என்று வரும்போது, கோயில் பூசாரிதான் கதி. எல்லையும் பக்கத்தில்தான் இருந்தது. காவிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொள்ளேகால் அன்று கோவை மாவட்டம்; மேற்கே மைசூர் சமஸ்தானம். இரண்டு இடத்திலும் கடை திறந்தே இருந்தது.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாமென்று 92 வயதில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய்க் கேட்டார் ராஜாஜி. கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 2023-24இல் மட்டும் அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். எல்லைப் பகுதியில் இதோடு கர்நாடக மது பாக்கெட்டும் சேர்ந்துகொள்கிறது. பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது, பிடிபடாதது எவ்வளவோ.

ஓசூரில் சிப்காட் வந்தபின் கூலியும் மாறிவிட்டது. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். மடியில் முடிந்த காசுக்குப் பதில் ஏடிஎம் கார்டு. சம்பளம் விழுந்த குறுஞ்செய்தி வேலைக்குப் போகிறவரின் போனுக்குத்தான் வருகிறது, மனைவிக்குத் தெரிவதில்லை.

இத்தனைக்கும் நடுவே கிடைத்திருக்கும் பெரிய நன்மை, குடிநோய் என்ற ஒன்று உண்டென்று மருத்துவம் ஒப்புக்கொண்டதுதான். தமிழ்நாட்டில் அந்த எண்ணம் பரவியதில் ஒரு குடும்பத்தின் துயரத்துக்குப் பங்குண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். குடித்தவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாக வகுப்பு உண்டு அங்கே. இந்தப் பக்கத்து மக்கள் போகக்கூடிய பெரிய மனநல மருத்துவமனை பெங்களூரு நிமான்ஸ். பாக்கெட் வருகிற அதே ஓசூர் ரோட்டில்தான் அதுவும் இருக்கிறது.

சிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் யாரும் போதிய அளவு பேசுவதில்லை. அவர் குடித்துக் கிடந்த வருடங்களில் வீடு அவரில்லாமல் நடக்கப் பழகியிருக்கும். சீட்டுக் கட்டுவது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது, அரிசிப் பானைக்குள் காசை ஒளிப்பது எல்லாம், ஏடிஎம் கார்டு உட்பட, மனைவி கையில். இப்போது அவர் தெளிந்த கண்ணோடு வந்து, “கார்டைக் குடு, நான் பாத்துக்கறேன்” என்கிறார். கேட்பது நியாயம்தான். கொடுக்கத் தயங்குவதும் நியாயம்தான். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அவள் முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். “இன்னும் நம்ப மாட்டியா?” என்று அவருக்குக் கோபம் வரும். பிள்ளையோ வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போகும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. குடி நின்ற பிறகுதான் சண்டை அதிகமாகிறது என்று பெண்கள் சொன்னால், அது நன்றிகெட்ட பேச்சு அல்ல. அத்தனை வருடம் அடக்கி வைத்ததைச் சொல்ல இப்போதுதான் எதிரே கேட்கும் நிலையில் ஒரு ஆள் இருக்கிறார்.

குடியை விடக் கோயிலில் கயிறு கட்டுவதும் விரத மாலை போடுவதும் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க முடிந்தது என்ற நம்பிக்கையை அது தருகிறது. நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் மாலை போடுமுன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு ஆபத்து, குடியை விடவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, படபடப்பாகி, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அவர் சம்மதத்தோடு, டாக்டர் சொன்னபடி, காலையில் மனைவி கையால் வாங்கி அவளெதிரே விழுங்கும்போது அதே மாத்திரை வேறு வேலை செய்கிறது. அன்றைய ஒருநாளைக்காவது அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு திறந்தது. நல்ல காரியம். ஆனால் நாட்றாம்பாளையத்திலிருந்து ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வர இரண்டு பேரின் ஒருநாள் கூலி போகிறது. சேர்த்துவிடுவது ஒருமுறை, தொடர் சிகிச்சை மாதாமாதம். அங்கேதான் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். அஞ்செட்டிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரையும், மனைவியிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆலோசகரும் வேண்டும். அதுவரை 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. குடிக்கிறவர்தான் பேச வேண்டுமென்பதில்லை, வீட்டில் இருக்கிறவளும் பேசலாம்.