விற்பனை எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

சிந்தசைசர் ஒன்றைக் கொள்வனவு செய்ய முற்படுவோர் அதன் ஒலியைக் கேட்கின்றனர், விலையை விசாரிக்கின்றனர். அக்கருவி எத்தனை உற்பத்தி செய்யப்பட்டது, எத்தனை விற்பனையானது என வினவுவோர் மிகச் சிலரே. வயலினுக்கோ மிருதங்கத்துக்கோ இக்கேள்வி அவசியமற்றது. தேர்ந்த கைவினைஞரால் அவற்றைச் செப்பனிட்டுவிட முடியும். சிந்தசைசரின் உயிரோ அதனுள்ளிருக்கும் இலத்திரனியல் சில்லுகளில் தங்கியுள்ளது. அவை கிடைக்காதுபோனால், பெருந்தொகை கொடுத்து வாங்கிய கருவி வெறும் பெட்டியாகிவிடும்.

1983 ஆம் ஆண்டு யமஹா நிறுவனம் அறிமுகப்படுத்திய டிஎக்ஸ் 7 கருவி 150,000 இற்கும் அதிகமாக விற்பனையானது. அதன் பிரதான சில்லுகள் அந்நிறுவனம் தனக்கெனவே வடிவமைத்தவை. எனினும், பழுதடைந்த ஒரு கருவியிலிருந்து கழற்றி இன்னொன்றைத் திருத்தும் வாய்ப்பு இன்றும் உண்டு. அதற்கென உருவாக்கப்பட்ட ஒலியமைப்புகளும் ஏராளமாகப் புழக்கத்தில் உள்ளன. பெரும் விற்பனையின் பயன் இதுவேயாகும்.

ஆனால், மொத்த எண்ணிக்கை மாத்திரம் போதுமானதல்ல. 1978 முதல் 1984 வரை சுமார் 6,000 புரொஃபெட் 5 கருவிகள் தயாராகின. அவற்றின் முதலிரு பதிப்புகளில் எஸ்எஸ்எம் சில்லுகளும், மூன்றாம் பதிப்பில் கேர்ட்டிஸ் சில்லுகளும் பொருத்தப்பட்டன. கேர்ட்டிஸ் சில்லுகளை வேறு பல நிறுவனங்களும் பயன்படுத்தின. அவற்றுள் முக்கியமான ஒன்று 2016 இல் மீண்டும் உற்பத்திக்கு வந்தது. எனவே, கருவியின் எண்ணிக்கையுடன் அதன் பதிப்பையும் உதிரிப்பாகங்களின் பரவலையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

மறுபுறத்தில், விற்பனையே தரத்தின் அளவுகோல் எனக் கொள்வதும் தவறாகும். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி 303 சுமார் 10,000 மாத்திரமே தயாரிக்கப்பட்டு, போதிய வரவேற்பின்றி 1984 இல் நிறுத்தப்பட்டது. பேஸ் கிற்றாருக்குப் பதிலீடாக வந்த அக்கருவியை, சிக்காகோ இளைஞர்கள் மலிவு விலையில் வாங்கினர். 1980களின் பிற்பகுதியில் 'அசிட் ஹவுஸ்' என்னும் புதிய இசை வகையே அதிலிருந்து பிறந்தது. இன்று அதன் விலை சாமானியருக்கு எட்டாத உயரத்தில் உள்ளது.

அருமை விலையை உயர்த்துமேயன்றி ஒலியை உயர்த்தாது. சேகரிப்பாளருக்கு அது இலாபமாகலாம். மேடையையே பிழைப்பாகக் கொண்ட கலைஞருக்கோ, கருவி பழுதடையும் நாளில் அதுவே பாரமாகிவிடும். கருவி இனியதா என்பதைச் செவி தீர்மானிக்கட்டும். அது எத்தனை காலம் உழைக்கும் என்பதை அறிய எண்ணிக்கையையும் கேட்டறிவதே விவேகமாகும் என்பது எமது கருத்தாகும்.