பல்லும் அதன் பழுதும்

தமிழில் முறுவல் என்னும் சொல் புன்னகையையும் குறிக்கும், பல்லையும் குறிக்கும். மூரல் என்பதும் அத்தகையதே. பல் வேறு, நகை வேறு என்று நம் முன்னோர் பிரித்து எண்ணினாரல்லர் போலும். புலவர்கள் பல்லுக்கு உவமையாகத் தேர்ந்துகொண்ட முல்லையின் பெயரையே எம் கம்பம் பள்ளத்தாக்கின் ஆறும் தாங்கியுள்ளது. ஆயினும் அவ்வாற்றின் இருகரையிலும் உள்ள ஊர்களிலே, நடுவயது எய்திய பலருடைய வாயில் இரண்டொரு கடைவாய்ப்பல் இல்லாதிருத்தலைக் காண்கின்றோம். "வலித்தால் பிடுங்கிவிடு" என்பதே பல்லைப் பற்றி எம்மவர் கொண்ட மருத்துவம் முழுவதும் ஆகும். பிடுங்குதலன்றி வேறு வழி உண்டா, உண்டெனின் எம்மவர் ஏன் அதனை நாடுவதில்லை என்பவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

பல்லின் மேலுறை எனாமல் எனப்படும். நம் உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது இதுவே; எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளால் ஆயது. அதன்கீழ் டென்டின் என்னும் சற்று மெல்லிய பகுதியும், நடுவே நரம்பும் இரத்தக் குழல்களும் பொருந்திய பற்கூழும் உள்ளன. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். எனாமலோ குழிந்தபின் மீண்டும் வளர்வதில்லை. அதனை ஆக்கிய உயிரணுக்கள், பல் ஈற்றினின்று வெளிவரும்போதே அழிந்துபோகின்றன. பல் மருத்துவம் முழுவதையும் விளங்கிக்கொள்ளுதற்கு இவ்வொரு செய்தி போதியது. மருத்துவர் பல்லை அடைக்கலாம், மூடலாம், கட்டலாம். இழந்ததை முளைப்பிக்க இயலாது.

சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்று கூறுதல் எங்கும் வழக்கு. கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு, எழும் புகையை வாய்க்குள் செலுத்திப் புழுவை விழச்செய்யும் முறையை முதியோர் இன்றும் எடுத்துரைப்பர். இம்மயக்கம் நமக்கே உரியதன்று. ஐரோப்பாவிலும் கண்டங்கத்திரியின் குடும்பத்தைச் சார்ந்த ஹென்பேன் என்னும் செடியின் விதையைக் கொண்டு இவ்வித்தையே நிகழ்ந்தது. சூட்டினால் விதையினின்று வெளிப்படும் வளைந்த முளையே புழுவெனக் காட்டப்பட்டது! பிரான்சு நாட்டுப் பியர் ஃபோஷார் என்பார் 1728-ஆம் ஆண்டில் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், புழுக் கொள்கை பொருந்தாது என மறுத்தார். 1890-ஆம் ஆண்டில் மில்லர் என்னும் அமெரிக்கர் மெய்யான காரணத்தை விளக்கினார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக்க, அவ்வமிலம் எனாமலிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைத்துவிடுகின்றது. ஆகவே பூச்சி என்னும் சொல்லில் ஒருவாறு உண்மையும் உளது. அது கண்ணுக்குப் புலப்படாத பூச்சி என்பதே வேறுபாடு.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இனிப்பை எவ்வளவு உண்கின்றோம் என்பதினும் எத்தனை முறை உண்கின்றோம் என்பதே பெரிது. இனிப்பு நாவில் பட்ட சில நிமிடங்களில் பல்லின்மேல் அமிலம் பெருகுதலையும், உமிழ்நீர் அதனைத் தணிக்க அரைமணி முதல் ஒருமணி வரை ஆதலையும் 1940-களில் ஸ்டீபன் என்பார் அளந்து காட்டினார். ஏலத்தோட்ட வேலைக்கென விடியுமுன் ஜீப்பிலேறிக் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக மலைக்குச் செல்வோர், குளிருக்கும் பசிக்குமாகச் சர்க்கரையிட்ட தேநீரை நாள் முழுதும் சிறுகச் சிறுக அருந்துகின்றனர். அவர்தம் பற்களுக்கு அமிலத்தினின்று ஓய்வு ஏது? இரவிலோ உமிழ்நீர் சுரத்தல் குறையும். காலையில் மட்டும் பல் துலக்கி இரவில் துலக்காது உறங்குவார், பகைவன் வரும் வேளையில் வாயிலைத் திறந்து வைப்பாரை ஒப்பர்.

எனாமல் மட்டும் கரைந்த நிலையில் வலி இராது. அந்நிலையில் மருத்துவரை அடைந்தால், அழுகிய பகுதியைக் குடைந்தெடுத்துக் குழியை அடைத்துவிடுவார். ஒரே நாளில் வேலை முடியும். பண்டு பாதரசக் கலவையால் அடைத்தனர். 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் அதன் வழக்கு உலகெங்கும் சுருங்கி வருகின்றது. இப்பொழுது பல்லின் நிறத்தோடு ஒத்த காம்போசிட் என்னும் பசையை இட்டு, நீலவொளி பாய்ச்சி இறுகச் செய்கின்றனர்.

வலி தோன்றியதெனின் கேடு கூழை நெருங்கிவிட்டது என்பது பொருள். அப்பொழுது எம் வீடுகளில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கிராம்பை எடுத்துக் கடிப்பர். இது பேதைமை அன்று. கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்வது உண்மை; மருத்துவரும் துத்தநாகப் பொடியோடு அத்தைலத்தைக் குழைத்துத் தற்காலிக அடைப்பாக இடுவதுண்டு. தீங்கு யாதெனின், வலி தணிந்ததும் நோயும் தணிந்ததென எண்ணுதலே. பலநாள் வருத்திய பல் ஒருநாள் தானே வலி அடங்குமாயின், நரம்பு இறந்துபட்டது என்று ஐயுறல் வேண்டும். பின்னர் வேர்நுனியில் சீழ் கட்டும், கன்னம் வீங்கும்.

அந்நிலையிலும் பல்லைக் காக்க வழியுண்டு. ரூட் கேனால் என யாவரும் வழங்கும் வேர்க்குழல் மருத்துவமே அது. இறந்த கூழை மெல்லிய அரங்களால் அகற்றிக் குழலைத் தூய்மை செய்து, கட்டாபர்ச்சா என்னும் மலாய் நாட்டு மரப்பாலால் ஆன பொருளை இட்டு அடைப்பர். (கடலடியில் முதன்முதல் தந்திக் கம்பிகளை இட்டபோது, நீர் புகாமல் அவற்றின்மேல் பொதிந்ததும் இப்பொருளே.) கூழிழந்து குடையப்பட்ட கடைவாய்ப்பல் கடிக்குங்கால் பிளத்தல் கூடுமாதலின், அதன்மேல் 'கேப்' எனப்படும் உறையை மாட்டுவர்.

பின்னர் எம்மவர் ஏன் பிடுங்கிக்கொள்கின்றனர்? அறியாமை என்று கூறி அமைதல் எளிது; யாம் அதனை முழுதும் ஒப்புகின்றிலம். வேர்க்குழல் மருத்துவத்திற்கு இரண்டு மூன்று முறை வரவேண்டும். உறைக்கு அளவெடுக்க ஒரு முறை, மாட்ட ஒரு முறை. மலைக்குச் செல்லாத ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாளாகும். பிடுங்குதலோ அரைநாளில் முடிந்துவிடும். கணக்கறிந்தே செய்கின்றனர், அக்கணக்கில் பின்வரும் செலவு மட்டும் விடுபட்டுப்போகின்றது. பல் நீங்கிய இடத்தை நோக்கி அண்டைப் பற்கள் சாயும். எதிர்வரிசைப் பல் தாங்குவாரின்றிக் கீழிறங்கும். தாடையெலும்பும் நாளடைவில் தேயும். முன்பற்கள் போயினவெனின் மொழியே திரியும். தொல்காப்பியனார் எழுத்துப் பிறக்கும் இடங்கள் எட்டனுள் பல்லையும் ஒன்றாக வைத்தார். தகர நகரங்கள் மேற்பல்லின் அடியில் நா பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் கீழிதழும் கூடப் பிறப்பது. பொக்கைவாய்ப் பாட்டியார் "வா" என்று அழைக்கும்போது இலக்கணமே நெகிழ்தலை யாவரும் கேட்டிருப்போம்.

இழந்த இடத்தை நிரப்பக் கழற்றி மாட்டும் பல்செட் உண்டு. இருபுறப் பற்களைச் செதுக்கி அவற்றின்மேல் பாலம்போல் அமைக்கும் கட்டுப்பல்லும் உண்டு. ஆனால் பழுதற்ற பற்கள் இரண்டு அதன்பொருட்டுச் செதுக்கப்படுதலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எலும்பிலேயே டைட்டானியத் திருகை நட்டு அதன்மேல் பல் அமைக்கும் முறையை ஸ்வீடன் நாட்டுப் பிரானமார்க் 1965-ஆம் ஆண்டில் மனிதருக்கு முதன்முதல் செய்தார். அது நல்லது, ஆயினும் விலையுயர்ந்தது.

நிற்க. அழகின்பொருட்டுச் செய்வனவற்றை இனி நோக்குவோம். பல் வெளுத்தல் வேண்டும் என்னும் விருப்பம் மாணவரிடையே பெருகியுள்ளது. கறை இருவகைப்படும். சின்னமனூர்க் கொடிக்கால் வெற்றிலையைப் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்வார்க்கு ஏறும் கறை பல்லின் புறத்தே படிவது. பற்காறையைச் சுரண்டித் தூய்மை செய்யின் பெரிதும் நீங்கும். சுரண்டினால் பல் ஆடும் என்பது வீண் அச்சம். காறையே ஈற்றை அரித்துப் பல்லை ஆடச்செய்வது. இரண்டாம் வகைக் கறை பல்லுக்குள்ளேயே அமைந்தது. குழந்தைப் பருவத்தில் ஃப்ளோரைடு மிக்க நீரைப் பருகுதலால் வரும் பழுப்புக் கறை அத்தகையது. பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் அந்நோய் எலும்பையும் முறுக்கி முடமாக்குதலை ஆராய்ச்சியாளர் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அதனைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது. ஆற்றுநீரில் அவ்வுப்பு பொதுவாகக் குறைவு. கடும்பாறையைத் துளைத்த ஆழ்குழாய்க் கிணறுகளிலேயே மிகுவது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது நம் நாட்டு விதி. அளவோடு பற்பசையில் அமைந்த அதே ஃப்ளோரைடு எனாமலை உறுதிப்படுத்துதல் வியப்பே.

மருத்துவர் பெராக்சைடு இட்டு வெளுக்கச் செய்தல் ஓரளவு பயன் தரும். சின்னாட்கள் பல் கூசும். கறை மீண்டும் ஏறும். செங்கற்பொடி, கரி, உப்பு இவற்றால் அழுந்தத் தேய்ப்பாரோ எனாமலையே தேய்த்துவிடுகின்றனர். அதனடியிலுள்ள டென்டின் மஞ்சள் நிறத்ததாகலின், வெண்மை வேண்டித் தேய்த்தார்க்கு மஞ்சளே எஞ்சுகின்றது! ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்னும் பழமொழியில் உள்ள வேல் வேம்பன்று, வேலமரமே என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும். அவற்றின் துவர்ப்பு ஈற்றுக்கு இதமே. எனினும் குச்சி கடைவாயின் உட்புறத்தைச் சென்று தொடுதல் அரிது. தெற்றுப் பல்லுக்குக் கம்பி கட்டுதலை வெறும் அழகென்று தள்ளற்க. நெருங்கிப் பிணைந்த பற்களிடையே உணவு தங்கிச் சொத்தை விளைதல் எளிது.

வெற்றிலையைப் பற்றி இன்னும் ஒன்று. கறை பொறுக்கத்தக்கது, புற்று அத்தகையதன்று. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் அறிவித்தது. 2013-இல் தமிழ்நாடு குட்காவையும் பான் மசாலாவையும் தடைசெய்தது. கன்னத்தின் உட்புறம் வெண்தடிப்போ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, வாயைத் திறத்தற்கு இறுக்கமோ தோன்றின், வலியில்லை என்று காலந்தாழ்த்தலாகாது.

பாற்பற்கள் இருபது, அவை விழுந்து முளைக்கும். ஆறாம் வயதளவில், பாற்பல் எதுவும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஓசையின்றி ஒரு கடைவாய்ப்பல் முளைக்கின்றது. தாய்மார் பலர் அதனையும் பாற்பல்லென்றே எண்ணி, சொத்தை விழினும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகின்றனர். அஃது இனி முளையாத பல். அதன் மேற்பள்ளங்களில் சொத்தை தொடங்குமுன் ஒரு பசையை இட்டு மூடிவிடலாம். குடைதலும் இல்லை, ஊசியும் இல்லை, சில நிமிட வேலையே. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நாம், தம்பி தங்கையரை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி, முன்னிருந்து ஆறாவதாக நிற்கும் அப்பல்லைப் பார்த்துவிடலாம்.