பெட்ரோல் பாட்டிலைக் கீழே வையுங்க, அண்ணாச்சி!

தூத்துக்குடியில் ஏதோ ஒரு தெரு. வேப்பமரத்துப் பொந்தில் தேனீ கூடு கட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்தாவது நிமிஷம் மரத்தடியில் ஒரு மாநாடே கூடிவிடும்.

"ஏலே, பழைய டயரைக் கொளுத்திப் போடு. எல்லாம் ஓடிப்போயிரும்!"

"டயர் எதுக்கு? கால் லிட்டர் பெட்ரோல் போதும்லா!"

"வீட்ல கரப்பான் மருந்து கெடக்கு. எடுத்துட்டு வரட்டா?"

"அதெல்லாம் இருக்கட்டும்... தேன் எவ்வளவு தேறும்?"

கடைசியாகக் கேட்டவர்தான் மாநாட்டுத் தலைவர். 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஆனால், இந்த அவசரத்தில் நடப்பது என்ன? மரம் கருகுகிறது. ஆயிரக்கணக்கில் தேனீக்கள் சாகின்றன. தப்பித்தவை, சம்பந்தமே இல்லாமல் சைக்கிளில் போகிறவரைத் துரத்திக் கொட்டுகின்றன. தலைவர் எதிர்பார்த்த தேன்? சாம்பலும் புழுவும் கலந்த கரி. மருந்து அடித்திருந்தால், அதை நாக்கில் வைப்பதே ஆபத்து.

வேறு வழி இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. ஒரு மரப்பெட்டி, கொஞ்சம் வாழைநார், விஷயம் தெரிந்த ஒரு ஆள், ஒரு சாயங்கால நேரம். இவ்வளவுதான் செலவு!

முதலில் ஆள் யாரென்று பாருங்க...

தேன்கூடு என்றால் எல்லாம் ஒன்று இல்லை. நம் ஊரில் நான்கு வகை உண்டு. யார் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது.

முதல் ஆள், கொசுத் தேனீ. கொசு மாதிரி பொடிசு. சுவர் இடுக்கு, மரப்பொந்து வாசலில் பிசினால் ஒரு குழாய் கட்டி வைத்திருக்கும். இதற்குக் கொட்டத் தெரியாது. இதைப் பார்த்து ஓடுகிறவர்கள் நிழலைப் பார்த்தும் ஓடலாம்.

இரண்டாவது, கொம்புத் தேனீ. வேலிச் செடியில், தாழ்ந்த கிளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை அடை கட்டும். எறும்பு ஏறிவிடாமல் கிளையின் இரண்டு பக்கமும் பிசின் பூசி வைத்திருக்கும் சாமர்த்தியசாலி. தொந்தரவு செய்தால் கொட்டும். ஆனால், பொதுவாகச் சாது.

மூன்றாவது, நம் கதாநாயகி. அடுக்குத் தேனீ அல்லது பொந்துத் தேனீ. மரப்பொந்து, சுவர்ப்பொந்து, புற்று என்று இருட்டான இடம் பார்த்து, தோசையை அடுக்கி நிறுத்தியதுபோல வரிசையாகப் பல அடைகள் கட்டும். நாலு வகையில் பெட்டியில் வைத்து வளர்க்கத் தோதானது இதுதான். மரத்திலிருந்து மீட்கவும் இதுதான் வசதி.

நாலாவது ஆள், மலைத் தேனீ. இவரிடம் மட்டும் எந்த விளையாட்டும் வேண்டாம். உயரமான ஆலமரம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம், பாலத்தின் அடி என்று எட்டாத இடத்தில், ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூட ஒரே அடையாகத் தொங்கவிடும். ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் பழ வாசனை மாதிரி ஒரு வாசனை கிளம்பும். மற்றவர்களுக்கு அது அழைப்பிதழ்! கூட்டமாக வந்து வெகுதூரம் துரத்தும். கல்லெறிகிற பையன்கள் தப்பி ஓடிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது ஓட முடியாத தாத்தா, பாட்டி, கட்டிப் போட்ட ஆடு, மாடு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில சமயம் அடையே இல்லாமல், வெறும் தேனீக்கள் மட்டும் கொத்தாகக் கிளையில் தொங்கும். அது குடி பெயர்ந்து போகிற கூட்டம். வழியில் இளைப்பாறுகிறது. சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ தானே கிளம்பிவிடும். விருந்தாளியை விரட்ட வேண்டாம். ஒதுங்கி நின்றால் போதும்.

மலைத் தேனீயை என்ன செய்ய?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். மலைத் தேனீ நாடோடி. பூ இருக்கிற காலத்தில் வரும். சில மாதம் இருந்துவிட்டு, கூட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால், கீழே கயிறு கட்டி, ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டுப் பொறுத்திருப்பதே புத்திசாலித்தனம்.

பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வளாகம் என்று காத்திருக்கவே முடியாத இடமா? தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்குத் தகவல் கொடுங்கள். அல்லது பாதுகாப்பு உடை வைத்திருக்கும் அனுபவசாலியைக் கூப்பிடுங்கள். நாமே ஏணி போட்டு ஏறுவது, காப்பீட்டுக் கம்பெனிக்குப் பிடிக்காத காரியம்.

தேனுக்காகத்தான் என்றாலும் கூட்டைக் கொல்ல வேண்டியதில்லை. மலைத் தேனீயின் அடையில் தேன் இருப்பது கிளையை ஒட்டிய மேல் மூலையில். கீழே பெரும்பகுதி புழுக்கள் இருக்கும் தொட்டில். பாதுகாப்பு உடை போட்டு, இதமாகப் புகை காட்டி, தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு தொட்டிலை விட்டுவிடுகிற முறையை மகாராஷ்டிரத்தின் வார்தாவில் தேன் எடுப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அறுத்த இடத்தைத் தேனீ திரும்பவும் கட்டிக்கொள்ளும்.

பொந்திலிருந்து பெட்டிக்கு...

இனி நம் கதாநாயகிக்கு வருவோம். பொந்துத் தேனீயை எப்படி இடம் மாற்றுகிறார்கள்?

மழை இல்லாத நாளாக, வெயில் தாழ்ந்த பிறகு வேலையை ஆரம்பிப்பார்கள். பட்டப்பகலில் போனால் பாதிப் பேர் 'டூட்டி'யில் இருப்பார்கள். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்புகிற நேரம். குடும்பத்தோடு அழைத்துப் போகலாம்.

முகத்துக்கு வலைத் தொப்பி. வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை. அன்றைக்கு மட்டும் சென்ட், அத்தர் பூசக் கூடாது. தேங்காய் நாரைக் கனலவிட்டு இரண்டே இரண்டு வாய் புகை. அவ்வளவுதான்! மூச்சுத் திணறடிக்கிற புகை இல்லை. புகை வந்ததும் 'வீட்டில் தீ' என்று நினைத்துத் தேனீக்கள் வயிறு முட்டத் தேனைக் குடித்துக்கொள்ளும். வயிறு நிறைந்தவனுக்குச் சண்டை போட மனசு வராது, நம்மைப் போலத்தான்! கொட்டச் சொல்லி அழைக்கும் அந்த வாசனையையும் புகை மறைத்துவிடும்.

பிறகு, பொந்தின் வாயை உளியால் கை நுழைகிற அளவுக்கு மட்டும் பெரிதாக்கி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுப்பார்கள். தேன் அடை தனியாக ஒரு பாத்திரத்துக்கு. புழு அடைதான் முக்கியம். அதைத் தலைகீழாக மாற்றாமல், பொந்தில் எப்படித் தொங்கியதோ அப்படியே மரச்சட்டத்துக்குள் பொருத்தி, வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் இறக்குவார்கள். சில நாளில் தேனீக்களே மெழுகு வைத்து அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிடும். அப்புறம் அந்த நாரைக் கடித்துக் கடித்து வெளியே தள்ளிவிடும். வாடகை வீட்டுக்குப் போனதும் பழைய காலண்டரைக் கழற்றி எறிகிறோமே, அதே மாதிரி!

எல்லாவற்றையும்விட முக்கியம், ராணி. மற்றவர்களைவிட வயிறு நீண்டிருக்கும். அவளைக் கண்டுபிடித்துப் பெட்டிக்குள் விட்டுவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சத் தேனீக்களைக் கையால் மெதுவாக அள்ளி விடுவார்கள். ராணி உள்ளே இருக்கிறாள் என்பதற்கு அடையாளம் உண்டு. பெட்டி வாசலில் சில தேனீக்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு படபடவென்று சிறகடிக்கும். 'எல்லாரும் இங்கே வாங்க' என்று அர்த்தம். வெளியே சிதறி நின்றவை சாரிசாரியாக உள்ளே போவதைப் பார்க்க வேண்டுமே! பெட்ரோலோடு வந்தவரே வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்.

இருட்டும்வரை பெட்டியைப் பொந்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்து, பிறகு வாசலைக் காற்றுப் போகிற வலையால் மூடி, இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் வைப்பார்கள். பக்கத்துத் தெருவில் வைத்தால், மறுநாள் பழைய விலாசத்துக்கே திரும்பிவிடும்! புது வீடு பிடிக்கவில்லை என்றால் மொத்தமாக ஓடிப்போவது இந்தத் தேனீயின் குணம். அதனால் சில நாளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் உபசாரம். ராணி வெளியேற முடியாதபடி வாசலில் துளையிட்ட ஒரு தகடு. எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். புது மருமகளுக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது.

மரத்தை எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள் என்றால் இன்னும் சுலபம். பொந்து இருக்கும் துண்டை மட்டும் அப்படியே அறுத்து இறக்கிவிடலாம். கூட்டைப் பிரிக்கிற வேலையைத் தரையில் நின்று நிதானமாகச் செய்யலாம்.

"பொந்தை சிமென்ட் வச்சு அடைச்சிட்டா என்ன?" என்று ஒருவர் கேட்பார். உள்ளே தேனீ செத்து அழுகும். தேன் ஒழுகும். ஊரிலுள்ள எறும்பெல்லாம் வரும். கூட்டத்தை எடுத்த பிறகும், அடை, மெழுகு எல்லாவற்றையும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு வாசலுக்குக் கம்பி வலை அடித்தால் போதும். மெழுகு வாசனையை விட்டு வைத்தால், அடுத்த சீசனுக்கு அடுத்த குடித்தனக்காரர் வந்துவிடுவார்.

பக்கத்து மாவட்டத்துக்காரங்களைக் கேளுங்க!

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1911 முதல் 1917 வரையிலான காலத்தில் நியூட்டன் பாதிரியார், தென்னாட்டுப் பொந்துத் தேனீயின் அளவுக்கு ஏற்றபடி ஒரு பெட்டியை வடிவமைத்தார். 'நியூட்டன் பெட்டி' என்று இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச், மார்த்தாண்டத்தில் கிராம மக்களுக்குக் கைத்தொழிலாகத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கு மார்த்தாண்டம் தேன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டிகளுக்கு முதன்முதலில் தேனீ எங்கிருந்து வந்தது? கடையில் விற்றார்களா? காட்டு மரத்துப் பொந்திலிருந்தும் புற்றிலிருந்தும் பிடித்துக் குடியேற்றியதுதான்!

1991-92-ல் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, கன்னியாகுமரி, கேரளப் பக்கம் பெட்டி பெட்டியாகத் தேனீ அழிந்தது. நோயைத் தாங்கி மிஞ்சிய கூட்டங்களைப் பெருக்கித்தான் தொழில் மறுபடி தலையெடுத்தது. எந்தக் கூட்டம் நோயைத் தாங்கும் என்பது அதன் நெற்றியில் எழுதியிருக்காது. பெட்ரோல் ஊற்றப் போகும் பொந்தில் இருப்பது அப்படிப்பட்ட கூட்டமாகவே இருக்கலாம்.

புனேயில் அமித் கோட்சே என்ற இன்ஜினீயர், தான் குடியிருந்த அடுக்குமாடியில் தேன்கூட்டை மருந்தடித்து அழித்ததைப் பார்த்து மனசு கேட்காமல், வேலையை விட்டுவிட்டுத் தேனீ மீட்பையே தொழிலாக்கிக்கொண்டார். நம் மாவட்டத்திலும் வழி கேட்க ஆள் உண்டு. வல்லநாடு அருகே கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பூச்சியியல் துறையில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.

கொட்டிவிட்டால்?

நின்று கையை வீசிப் பரதநாட்டியம் ஆடக் கூடாது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நேராக ஓடி ஒரு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். சினிமாவில் வருகிற மாதிரி கிணற்றில் குதித்தால், தலை தூக்கும்வரை மேலே காத்திருக்கும். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். அது தோலில் இருக்கும்வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். மூச்சு முட்டினாலோ, முகம், நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, ஏராளமாகக் கொட்டியிருந்தாலோ சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தச் சமயத்தில் ஒவ்வொரு நிமிஷமும் உயிர்.

முத்துக்கு நேர்ந்தது தேனுக்கு வேண்டாம்

முத்துக் குளித்த ஊர் இது. அந்த நாளில் கோடிக்கணக்கில் சிப்பிகளை அள்ளிக் கரையில் குவித்து, அழுக விட்டு, முத்தைப் பொறுக்கினார்கள். 1961-ல் கடைசியாக நடந்தது முத்துக்குளிப்பு. அதன்பிறகு பாரில் குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவில்லை. காரணம் பல சொல்வார்கள். ஆனால், ஒன்று நிச்சயம். சிப்பியைக் கொல்லாமல் முத்தை எடுக்க அன்றைக்கு வழி தெரியவில்லை.

தேனுக்கு அந்த வழி தெரியும். விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலில் சூரியகாந்தி மணி பிடிப்பதற்கும், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் முருங்கை காய்ப்பதற்கும் பூவுக்குப் பூ அலைகிற இந்த மாதிரிப் பூச்சிகள் வேண்டும். கூலி கேட்காத வேலைக்காரர்களை யாராவது கொளுத்துவார்களா?

அதற்காக, தீப்பெட்டிக்கே பெயர்போன கோவில்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தேனீயை மீட்கிற வேலையிலும் தீப்பெட்டிக்கு ஒரு உபயோகம் உண்டு. குச்சியெல்லாம் கொட்டிவிட்டுக் காலியாகக் கொண்டு வாருங்கள்.

பெட்டி தயாராகும்வரை ராணியை அதில்தான் உட்கார வைப்பார்கள்!