பெட்டியில் மடித்து வைத்த சேலை



நவம்பர் மாதம் வந்தால் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, நம் இறந்தோருக்காகச் செபிக்கிறோம். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற துணிமணிகளை என்ன செய்வது? வீடு சந்திக்கப் போகும்போது பலர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. "சாமி, அம்மா சேலையைக் கொடுக்கவும் மனசு வரல, வெட்டவும் மனசு வரல. அப்படியே பெட்டியில கெடக்கு."

இந்தக் கேள்விக்கு நான் பதில் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வழியாகத்தான்.

என் தாயார் இறந்தபோது அவருடைய இரண்டு சேலைகளை உடன்பிறந்தவர்களிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்று அவருடைய திருமணப் பட்டு. மற்றொன்று அன்றாடம் கஞ்சி போட்டுக் கட்டிய நூல் சேலை. இரண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, மேலே அந்துருண்டைகளைப் போட்டுப் பூட்டினேன். மாற்றலாகிச் சென்ற பங்குகளுக்கெல்லாம் அந்தப் பெட்டியும் என்னோடு வந்தது. ஒன்பது ஆண்டுகள் திறக்கவே இல்லை. திறந்து பார்த்த அன்று பட்டு, மடிப்புக்கு மடிப்பு கீறியிருந்தது. சரிகை கறுத்திருந்தது. நூல் சேலையைப் பூச்சி அங்கங்கே அரித்திருந்தது. நான் அவற்றை வைத்திருந்தேன்; காப்பாற்றவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றுதான் புரிந்தது.

பருத்தி மண்ணின் பிள்ளைகள்

நம் பெரம்பலூர்ப் பகுதி பருத்திக்குப் பெயர் பெற்றது. அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கைத்தறிச் சத்தம் தலைமுறைகளாகக் கேட்டுவருகிறது. காய் வெடித்துப் பஞ்சு எடுப்பதிலிருந்து பாவு போட்டு நெய்வதுவரை ஒரு சேலைக்குப் பின்னால் எத்தனை கைகளின் உழைப்பு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் நம் பாட்டிமார் துணியை எளிதில் எறிவதில்லை. சேலை பழசானால் தூளியாகும். தூளி நைந்தால் குழந்தைக்கு இடுப்புத் துணியாகும். அதுவும் கிழிந்தால் அடுப்படியில் கரித்துணியாகும்.

பிறந்த குழந்தைக்குப் பழந்துணியைப் போடுவது வறுமையால் மட்டும் வந்த வழக்கமல்ல. புதுத் துணியில் கஞ்சியும் மொரமொரப்பும் இருக்கும். பலமுறை துவைத்த பருத்தியில் அவை போய், நூல் இளகி, மென்மையாகிவிடும். ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். நம் தாய்மார் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கை தொட்டு அறிந்தார்கள்.

மற்ற இடங்களிலும் இதே அறிவு உண்டு. நாம் 'கந்தை' என்று சொல்லும் சொல்லுக்கு உறவானதுதான் வங்காளத்தின் 'காந்தா'. அங்கே பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை செய்தார்கள். பீகாரில் பிறந்த குழந்தையைச் சுற்றப் பழந்துணியில் தைப்பதற்கு 'சுஜனி' என்று பெயர்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் உள்ளது. அங்கே சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் பலருடைய முன்னோர், போர்த்துக்கீசியரால் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இன்று அவர்களிடையே கத்தோலிக்கர், இந்துக்கள், இசுலாமியர் என மூன்று சமயத்தாரும் உண்டு. அந்தப் பெண்கள் கிழிந்த துணித் துண்டுகளை ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே தைத்துச் சுற்றிவந்து நடுவில் முடிக்கிறார்கள். இந்தப் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளைப் பூவாக வைத்துத் தைக்காவிட்டால் போர்வை நிறைவு பெறாது என்பார்கள். கத்தோலிக்கப் பெண்கள் சிலுவை அடையாளத்தையும் சேர்த்துத் தைப்பதுண்டு. சொந்த மண்ணையும் மொழியையும் பறிகொடுத்த ஒரு மக்கள், கந்தைத் துணியில் தங்கள் குடும்பத்துக்குக் கதகதப்பைத் தேடிக்கொண்டார்கள்.

தபித்தாவின் துணிகள்

திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா நகரத்துத் தபித்தாவைச் சந்திக்கிறோம். தொற்கா என்பது அவருடைய கிரேக்கப் பெயர். அவர் இறந்தபோது பேதுரு வருகிறார். கைம்பெண்கள் அழுதுகொண்டே, தபித்தா தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த உடைகளை அவருக்குக் காட்டுகிறார்கள். அவர் எவ்வளவு நல்லவர் என்று நீண்ட புகழுரை சொல்லவில்லை, துணியைக் காட்டினார்கள். அன்பு அந்தத் தையலில் இருந்தது.

அதே விவிலியம் மற்றொன்றையும் சொல்கிறது. செல்வர்களின் ஆடைகளைப் பூச்சி அரித்துவிட்டதென யாக்கோபு தம் திருமுகத்தில் (5:2) கடிந்துகொள்கிறார். இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிர வேண்டும் என்கிறார் திருமுழுக்கு யோவான் (லூக்கா 3:11). ஆக, துணி நினைவைச் சுமக்கலாம். ஆனால் பூட்டியே கிடந்தால் அது பூச்சிக்குத்தான் உணவு.

கொடுப்பதிலும் மரியாதை வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. உடுத்த முடியாதவை சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு அது உதவியாக அல்ல, அவமதிப்பாகவே பட்டது. டெல்லியில் 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு இப்படிப்பட்ட துணிகளைத் தரம் பிரித்து, உடுத்தத்தக்கதை உடையாகவும், மற்றவற்றைப் போர்வையாகவும் மாதவிடாய்த் துணியாகவும் மாற்றும் பணியைச் செய்துவருகிறது. அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் தூக்கியெறியும் கலாச்சாரத்தைக் கண்டித்தார் என்பதையும் நினைவில் கொள்வோம்.

காப்பதும் தைப்பதும்

வைத்திருக்க விரும்பும் துணியை முதலில் துவைத்துக் கஞ்சியை முழுவதும் நீக்குங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் விருந்து. அந்துப்பூச்சியின் புழுவோ பட்டையும் கம்பளியையும் தேடும். பட்டைத் துவைக்காமல் நிழலில் காற்றாட விட்டு, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். ஈரத்தை அடைத்துவைக்கும் பிளாஸ்டிக் பை வேண்டாம். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேதான் முதலில் கீறும்.

தைக்க விரும்பினால், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சேலை பெரும்பாலும் உட்காரும் இடத்திலும் தரையில் உரசும் கரையிலும்தான் நையும். முந்தானையும் உள்சுற்றும் உறுதியாகவே இருக்கும். ஐந்தரை மீட்டர் நூல் சேலையை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளத்தில் மூன்றடுக்குப் போர்வை கிடைக்கும். நைந்த பகுதி நடுவடுக்கில் வரட்டும். சாயம் போகிறதா என்று முன்னரே நனைத்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓட்டுத் தையல் போடுங்கள். பாலியஸ்டரைப் பருத்தியோடு சேர்க்காதீர்கள். துவைக்கும்போது இரண்டும் ஒரே அளவு சுருங்காது. குழந்தைக்கும் அது ஏற்றதல்ல.

ஒரு தாயின் சேலைக்காகப் பிள்ளைகள் மனத்தாங்கல் கொண்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் எடுத்துப் பூட்டி வைப்பதைவிட, ஆளுக்கொரு பங்காகத் தைத்துக்கொள்வது அவர்களை மீண்டும் ஒன்றாக உட்கார வைக்கலாம். வெட்ட மனம் வராவிட்டால் வெட்ட வேண்டாம். திருநாளுக்கு ஒருமுறையாவது எடுத்துக் கட்டுங்கள். அதுவும் முடியாதென்றால், உடுத்தத்தக்க நிலையிலேயே, துவைத்து மடித்து, தேவையில் இருப்பவரிடம் நேரில் கொடுங்கள்.

என் தாயாரின் நூல் சேலையில் பூச்சி தொடாத பகுதியை என் தங்கை கத்தரித்து எடுத்தாள். அவள் மகளுக்கு அப்போது பேறுகால நேரம். மூன்றடுக்கில் ஒரு சின்னப் போர்வை தைத்தாள். எங்களைத் தூளியில் ஆட்டிய அம்மாவின் சேலையில், அவர் பார்த்திராத கொள்ளுப்பேத்தி இன்று உறங்குகிறாள். என் தகரப் பெட்டி காலியாக இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த மாதம் உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.