நித்திரைக் குளிசையைக் கைமாற்றலாமா?

இரவில் நித்திரை வருகுதில்லை என்று சொன்னால், "என்னட்டைக் குளிசை கிடக்கு, ஒண்டைப் போட்டிட்டுப் படுங்கோ" என்று அன்போடு எடுத்து நீட்டுவோர் எம்மவரிடையே உண்டு. அந்த அன்பில் உள்ள ஆபத்தை நாம் உணர்வதில்லை.

1963இல் விற்பனைக்கு வந்த வலியம், அதாவது டயஸிபாம், பென்சோடயஸிபீன் வகையைச் சேர்ந்தது. மூளையில் காபா என்னும் இரசாயனத்தின் செயலைக் கூட்டி நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. கடும் பதற்றம், வலிப்பு, சில நாள் நித்திரையின்மை ஆகியவற்றுக்கு வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். சில வாரங்களுக்கு மேல் நாளாந்தம் பாவித்தால் உடல் பழகிவிடும். பழைய அளவு போதாமற் போகும்.

ஒருவருக்கு எழுதிய அளவு மற்றவருக்குப் பொருந்தாது. முதியவர்களின் உடலில் டயஸிபாம் நாட்கணக்கில் தங்கும். இரவில் எழும்பி நடக்கையில் தடுமாறி விழுந்து எலும்பு முறியலாம். மதுவுடனோ, மோர்பீன் போன்ற வலிநிவாரணிகளுடனோ சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

பயந்துபோய்த் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. வலிப்பு வரலாம். இதுபற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கும்படி 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பணித்தது. வைத்தியரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

நித்திரையைக் கெடுப்பது ஊர் நினைவோ, உறவின் இழப்போ, அகதி வழக்கின் முடிவோ என்றால் குளிசை அதனைத் தீர்க்காது. மருந்தில்லாத சிகிச்சைகளும் உள்ளன. மனதில் கிடப்பதையும் வைத்தியரிடம் சொல்வோம். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம். குளிசையை மட்டும் கைமாற்றாதிருப்போம்.