காலங் கடந்த கடன்



கடன் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கடமை என்பது ஒன்று. பெற்ற பொருளைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு மற்றொன்று. ஆதலினாற்றான், கடன் தீர்க்காதவன் கடமை தவறியவன் என்னும் அச்சம் நம்மவர் உள்ளத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வச்சம் நல்லதே. ஆயினும், அதனையே மூலதனமாகக் கொண்டு, யாரோ எப்போதோ பட்டதாகக் கூறப்படும் கடனைத் தண்ட வருவோரும் உளர். அவர்கள் முன் நாம் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதிகளில் இவ்வினா பெரிதும் கவனிக்கத்தக்கது. கடற்றொழில் செய்வோர் பலர் வள்ளமும் வலையும் இயந்திரமும் கடனாகப் பெற்று, மீன் விற்ற பணத்திற் சிறிது சிறிதாகக் கழிப்பர். நெடிய யுத்தத்திலே குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தன. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, வீடுகளோடு பெட்டிகளையும், பெட்டியிலிருந்த பற்றுச்சீட்டுகளையும் கொண்டு சென்றது. இத்தகைய வீட்டின் படலையில் ஒருவர் வந்து நின்று, “உங்கள் தகப்பனார் வாங்கிய கடன், வட்டியோடு கட்டுங்கள்” என்றால், அந்த வீட்டுப் பெண் எதைக் காட்டி மறுப்பாள்?

சட்டம் இந்த இடர்ப்பாட்டை முன்னரே உணர்ந்திருக்கிறது. சாட்சிகள் இறப்பர், ஏடுகள் அழியும், நினைவு மங்கும். ஆகவே வழக்கிட விரும்புவோர் உரிய காலத்துள் வழக்கிடல் வேண்டும் என்று 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. ஈட்டு உறுதியின் மேல் எழும் கடனுக்கு 10 ஆண்டு. வாக்குறுதிச் சீட்டு முதலிய எழுத்து மூலமான கடனுக்கு 6 ஆண்டு. வாய்மொழியாகக் கொடுத்த கைமாற்றுக்கு 3 ஆண்டு. கடையிற் பற்றெழுதி வாங்கிய பொருளுக்கு 1 ஆண்டு. வாக்குறுதிச் சீட்டாயின், பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்தோ, கடைசியாக வட்டி செலுத்திய நாளிலிருந்தோ இக்காலம் கணிக்கப்படும். நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்திருப்பின் நிலைமை வேறு. அத்தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு 10 ஆண்டு உண்டு.

இங்கேதான் மிக்க விழிப்பு வேண்டும். காலங் கடந்த கடன் மீண்டும் உயிர் பெறுதல் கூடும். கடனை ஒப்புக்கொண்டு எழுத்திலே கையொப்பமிட்டால் அது நடக்கும். வெறும் வாய்ச்சொல் போதாது; ஆனால் சிறு தொகையொன்றைச் செலுத்துதல், மிகுதியையும் தருவதாக உடன்பட்டதற்கு அடையாளமாகக் கொள்ளப்படலாம். “இப்போதைக்கு ஐந்நூறு ரூபாயாவது தாருங்கள், இந்தத் தாளில் ஒரு கையொப்பம் மட்டும்” என்று தண்ட வந்தவர் கனிவாகக் கேட்பதன் பொருள் இதுவே. அவரை அனுப்பிவிட்டாற் போதும் என்றெண்ணிக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய், ஐந்து இலட்சத்துக்கு வாயில் திறந்துவிடலாம்.

ஆகவே, தெரியாத கடனைக் கேட்டு வருபவரிடம் பணமும் கொடாது, கையொப்பமும் இடாது, மூலப் பத்திரத்தின் பிரதியையும், கணக்கு விவரத்தையும், அவர் யார் சார்பில் வந்தார் என்பதற்கான அத்தாட்சியையும் எழுத்து மூலம் கேளுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ தந்த கடன் என்றால், 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட கடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் பெயருக்குரிய அறிக்கையைப் பெற்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தந்தையின் கடன் பிள்ளையைச் சேருமா? 1707 ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை, புதல்வர் தந்தையின் கடனைத் தீர்க்கக் கடமைப்பட்டவர் என்றது. அந்த எண்ணம் இன்றும் பலர் மனத்தில் உண்டு. ஆனால் இன்றைய பொதுச் சட்டத்தின்படி, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே அவருடைய கடன் சொல்லும். தாமே பிணை நின்றிருந்தாலன்றி, மனைவி மக்கள் தம் சொந்த உழைப்பிலிருந்து அதனைத் தீர்க்கக் கட்டுப்பட்டவரல்லர்.

பொலிசாரிடம் பிடித்துக் கொடுப்போம் என்று அச்சுறுத்துவோரும் உளர். பணம் திருப்பித் தர இயலாமை தன்னளவிற் குற்றமன்று; அது குடியியல் நீதிமன்றத்துக்கு உரிய விடயம். ஏமாற்றுதலும், பணமில்லாக் கணக்கின் மேல் காசோலை எழுதுதலும் வேறு. மாறாக, ஒருவரைப் பயமுறுத்துவதே தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதனை மடித்து வைத்துவிடலாகாது. காலம் கடந்துவிட்டது என்பதை நீதிபதி தாமாக எடுத்துக்கொள்ளமாட்டார். பிரதிவாதி அதனைத் தம் மறுமொழியிற் கூறியே ஆதல் வேண்டும். கூறாதிருந்தால், முப்பது ஆண்டுக் கடனுக்கும் தீர்ப்பு வந்துவிடலாம். வங்கிகள் 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் விரைவான நடவடிக்கை எடுக்க வல்லன. அங்கே எதிர்வாதம் கூறுவதற்கே நீதிமன்றத்தின் அனுமதி பெறல் வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபை அழைத்தால் தவறாது செல்லுங்கள். ஆயினும் அங்கே எழுதப்படும் இணக்கமும் கையொப்பமே என்பதை நினைவிற் கொண்டு, வாசித்தறிந்த பின்னரே இடுங்கள்.

“உண்மையாகவே பட்ட கடனைக் காலத்தைக் காட்டித் தட்டிக் கழிப்பது அறமாகுமா?” என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினா. சட்டம் வழக்கிடும் வாயிலை அடைக்கின்றதேயன்றி, மனச்சாட்சியின் வாயிலை அடைக்கவில்லை. தந்தைக்கு இடுக்கணில் உதவிய அயலவருக்கு, கடன் உண்மை என்று தெளிந்து, மனமுவந்து கொடுத்தல் பெருமைக்குரியது. ஆனால் அது தெரிந்து கொடுப்பதாக இருத்தல் வேண்டும். பயந்து கொடுப்பதாக இருத்தலாகாது. அயலவரின் நன்றிக் கடன் வேறு. கணக்கும் காட்டாது, பெயரும் சரியாகச் சொல்லாது, படலையில் நின்று உரக்கப் பேசுபவரின் கோரிக்கை வேறு. இரண்டையும் பிரித்தறிவதற்கு வேண்டுவது சிறிது பொறுமையும், ஒரு கேள்வியுமே: “பத்திரத்தைக் காட்டுங்கள், ஐயா.”